வக்கீல் நோட்டீஸ் வருவதற்கு முன்: பாதுகாப்பு ஆய்வில் இறங்கும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

செவ்வாய்ப்பேட்டையில் என் மாமாவுக்கு ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. நாலு கேமரா, அவை எடுக்கும் காட்சியைப் பதிவு செய்யும் ஒரு டி.வி.ஆர். பெட்டி. வெள்ளி உருக்கும் இடத்தையும் எடை போடும் மேசையையும் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்துக்கொள்வார். சில வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டி அடிக்கடி மக்கர் பண்ணியது. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே மாப்ளே, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே அந்தப் பெட்டிக்கான ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் உள் மென்பொருள், கிடைத்தது. இறக்கிப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு நிரந்தரக் கடவுச்சொல் இருந்தது. மாமா தன் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. அது தெரிந்த யாரும், எந்த ஊரிலிருந்தும், பட்டறையில் எவ்வளவு வெள்ளி கிடக்கிறது என்று பார்க்கலாம். நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். சந்தேகப்படக்கூடாதே என்று, அவர்களுடைய நிரலைப் பிரித்ததில் கிடைத்த 12 வரிகளையும் அப்படியே ஒட்டியிருந்தேன். இந்தப் பாதுகாப்பு ஓட்டையை நீங்கள் சரிசெய்த பிறகு இதைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தேன்.

பத்து நாள் கழித்து வந்தது வக்கீல் நோட்டீஸ். ஓட்டையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மென்பொருள் எங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பு, அதை நீங்கள் பிரித்தீர்கள், நகலெடுத்தீர்கள், வெளியிடப்போவதாகவும் சொல்கிறீர்கள், வெளியிட்டால் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் போடுவோம் என்று மூன்று பக்கம். வழக்கு நடக்கும் என்று குறிப்பிட்டிருந்த ஊர் வேறொரு மாநிலத்தில் இருந்தது. அன்றிரவே எழுதிவைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். மாமாவின் பெட்டியை இணையத்திலிருந்து கழற்றினேன். அதே தெருவில் அதே பெட்டி வைத்திருந்த மற்றவர்களிடம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

பிறகு ஒரு வக்கீல் நண்பரோடு உட்கார்ந்து சட்டத்தை வரி வரியாகப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த மூன்று பக்கத்தில் அவர்களுக்கு நான் உண்மையிலேயே கொடுத்த பிடி அந்த 12 வரி மட்டும்தான். மற்றதெல்லாம் மிரட்டல். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சில கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் சோதனை சொல்லித்தருகிறேன். முதல் வகுப்பே இதுதான்: பிடி கொடுக்காமல் வேலை செய்வது எப்படி. நான் வக்கீல் இல்லை. உங்கள் கையில் நோட்டீஸ் வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். அது வராமல் இருக்கவும், வந்தால் நடுங்காமல் இருக்கவும் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த உரிமை?

பதிப்புரிமையும் காப்புரிமையும் நம் பேச்சில் கலந்து கிடக்கின்றன. கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. கதை, பாட்டு, படம் போன்ற படைப்பு வெளிப்படும் வடிவத்துக்குக் கிடைப்பது பதிப்புரிமை. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்க்காரர்களான நமக்குப் பதிப்புரிமை என்றால் சினிமாதான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் நம் நாட்டின் 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரலும் 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள்தான் வருகிறது. ஒரு நாவலை எழுதியவருக்கு என்ன உரிமையோ, அதேதான் டி.வி.ஆர். பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதியவருக்கும்.

இங்கே ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை எழுதிய விதத்துக்குத்தான், உள்ளே இருக்கும் கருத்துக்கு இல்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது ஒரு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடந்த வழக்கு, ஆனால் நமக்கும் பொருந்தும். "இந்தப் பெட்டியில் மாற்ற முடியாத கடவுச்சொல் இருக்கிறது" என்பது ஒரு உண்மை. உண்மைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. அந்த உண்மையைக் காட்ட நான் ஒட்டிய 12 வரிகள் அவர்களுடைய எழுத்து.

அமெரிக்காவில் நடந்தது நமக்கு எதற்கு?

நம் கட்டுரைகளும் நிரல்களும் பெரும்பாலும் தங்கியிருப்பது அமெரிக்க நிறுவனங்களின் சர்வர்களில். அதனால் அந்த ஊர்ச் சட்டம் சேலத்துக்கும் வந்து சேர்கிறது.

1998-இல் அமெரிக்கா டி.எம்.சி.ஏ. என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 1201-ஆம் பிரிவு, படைப்பைக் காக்கப் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டைத் தாண்டுவதையே குற்றமாக்கியது. உள்ளே போய் எதையும் திருடாவிட்டாலும், பூட்டைத் தாண்டியதே தவறு. தாண்ட உதவும் கருவியைக் கொடுப்பது தனித் தவறு. சினிமாத் திருட்டைத் தடுக்க வந்த சட்டம் இது. ஆனால் பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பவரும் பூட்டைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்?

முதலில் மாட்டியது ஒரு பேராசிரியர். 2000-ஆம் வருடம் செப்டம்பரில், இசைத்துறையின் எஸ்.டி.எம்.ஐ. என்ற கூட்டமைப்பு, திருட்டு நகலைத் தடுக்கப் பாட்டுக்குள் தாங்கள் மறைத்துவைத்த ஒலி முத்திரைகளை முடிந்தால் நீக்கிப் பாருங்கள் என்று உலகத்துக்கே சவால் விட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டன் குழு நீக்கிக் காட்டியது. பரிசுப் பணம் வேண்டுமென்றால் ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட வேண்டும். பணம் வேண்டாம், ஆய்வுக் கட்டுரையாக வெளியிடுகிறோம் என்றார்கள். 2001 ஏப்ரலில் டி.எம்.சி.ஏ.வைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் வந்தது. சவால் விட்டவர்கள் தரப்பிலிருந்தே! மாநாட்டிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன்பின் ஃபெல்டன் தரப்பே நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குப் போடும் எண்ணமே எங்களுக்கு இல்லை என்றது இசைத்துறை. ஆகஸ்ட் மாதம் யூஸ்நிக்ஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் கட்டுரை வெளியானது. மிரட்டல் இப்போது இல்லையே என்று நவம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆக, இந்தச் சட்டம் ஆய்வாளரின் வாயைக் கட்டலாமா கூடாதா என்ற கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை. ஒரே ஒரு கடிதம் நாலு மாதம் ஒரு ஆய்வை நிறுத்திவைத்தது, அவ்வளவுதான் நடந்தது. நோட்டீஸின் பலம் இதுதான் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அதே 2001 ஜூலையில் திமித்ரி ஸ்க்ளியாரொவ் என்ற ரஷ்ய நிரலாளர் லாஸ் வேகாஸில் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பேசிவிட்டுக் கிளம்பும்போது கைதானார். அடோபியின் மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருளை அவர் வேலை பார்த்த எல்காம்சாஃப்ட் நிறுவனம் விற்றதுதான் காரணம். அவர் அதை எழுதியது ரஷ்யாவில். கடைசியில் அவரை விடுவித்தார்கள், 2002 டிசம்பரில் நிறுவனமும் குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் ஒரு இளைஞர் வேற்று நாட்டுச் சிறையில் சில வாரங்கள் இருந்தது இருந்ததுதான். வெளிநாட்டு மாநாட்டில் பேச அழைப்பு வந்தால் சந்தோஷத்தில் உடனே டிக்கெட் போடாதீர்கள். உங்கள் வேலை அந்த நாட்டுச் சட்டத்தில் எப்படிப் பார்க்கப்படும் என்று முதலில் விசாரியுங்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது 2005-இல் நடந்தது. சோனி பி.எம்.ஜி. தன் பாட்டு சி.டி.க்கள் சிலவற்றில், கம்ப்யூட்டரில் போட்டதும் தன்னை மறைத்துக்கொண்டு உள்ளே உட்காரும் மென்பொருளை வைத்திருந்தது. அது மற்ற வைரஸ்களுக்கும் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. மார்க் ருசினோவிச் என்ற நிரலாளர் அக்டோபர் 31 அன்று அதை வெளியில் சொன்னார். ஃபெல்டனும் அவர் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மனும் அதற்குப் பல வாரங்கள் முன்பே சிக்கலைக் கண்டுபிடித்திருந்தார்கள். சொன்னால் வழக்கு வருமா என்று வக்கீல்களிடம் ஆலோசித்துக்கொண்டிருந்ததில் அந்த வாரங்கள் போயின. அதை அவர்களே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தார்கள். அந்த இடைவெளியில் சி.டி. வாங்கிப் போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். என் தெருக்காரர்களுக்கு நான் செய்ததும் அதேதான்.

பின்னால் அங்கே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பதிப்புரிமை அலுவலகம் 3 வருடத்துக்கு ஒரு முறை விலக்குகளைப் பரிசீலிக்கும். 2015-இல், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு விலக்குக் கிடைத்தது. அதுவும் பெரும்பகுதி ஒரு வருடம் கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் விரிந்தது, அதன்பிறகும் நீடிக்கிறது. ஆனால் விலக்கு பூட்டைத் தாண்டும் செயலுக்கு மட்டும்தான். தாண்டும் கருவியை மற்றவருக்குக் கொடுப்பதற்கு இல்லை. இந்த வேறுபாடு ஆறாம் படியில் மறுபடியும் வரும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம்மைப் பொறுத்தவரை நிலைமை அமெரிக்காவை விட மேல். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவும் பூட்டைத் தாண்டுவதைப் பற்றிப் பேசுகிறது, இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தாண்டியிருக்க வேண்டும். கூடவே விலக்குகளும் உண்டு. முறையாகப் பெற்ற பிரதியை வைத்து மறையாக்கத்தை, அதாவது தகவலைப் பூட்டிவைக்கும் முறையை, ஆய்வு செய்யலாம். உரிமையாளர் அல்லது இயக்குபவரின் அனுமதியோடு ஒரு கம்ப்யூட்டர் அமைப்பின் பாதுகாப்பைச் சோதிக்கலாம். பயனரைக் கண்காணிக்க வைத்திருக்கும் ஏற்பாட்டைத் தாண்டலாம்.

52-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். நமக்குக் கொடுக்கப்பட்ட வேலைக்கு ஓட்டும்போது ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்கலாம், படிக்கலாம், சோதிக்கலாம், அதன் அடிப்படைக் கருத்துகளைத் தெரிந்துகொள்ளலாம், அது மீறல் ஆகாது என்கிறது அதன் ஒரு உட்பிரிவு. ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்ற விலக்கு மட்டும் கம்ப்யூட்டர் நிரலுக்கு இல்லை. வக்கீல் நண்பர் இந்த வரிகளைக் காட்டியபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அதற்காக அசட்டையாக இருந்துவிடக்கூடாது. 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. அது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 62-ஆம் பிரிவு வழக்குப் போடுபவர் தன் சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே போட வழிவிடுகிறது. அஸ்தம்பட்டியில் இருக்கும் நம் நீதிமன்றத்துக்குப் போவதற்கும், வாய்தாவுக்கு வாய்தா ரயிலேறி வேறு மாநிலத்துக்குப் போவதற்கும் உள்ள தூரம்தான் பலரையும் ஊமையாக்குகிறது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: பொருள் உங்களுடையதாக இருக்கட்டும்

சோதிக்கப்போகும் பெட்டியை உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். சட்டத்தின் விலக்குகள் சில 'முறையாகப் பெற்ற' என்ற சொல்லில்தான் நிற்கின்றன. பழைய பொருள் கடையில் வாங்கினாலும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். 2010-இல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தின் பலவீனங்களை மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து காட்டியபோது கைதானார். போலீஸ் கேட்ட கேள்வி ஆய்வு சரியா தப்பா என்பது இல்லை, இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதுதான். பதிப்புரிமையோடு சம்பந்தமில்லாத வழக்குதான் அது, பாடம் நமக்கும் அதேதான்.

பெட்டியோடு வரும் உரிம ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். நிரலைப் பிரிக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கலாம். அது ஒப்பந்தப் பிரச்சினை, பதிப்புரிமை மீறலிலிருந்து வேறானது. நோட்டீஸில் இரண்டையும் சேர்த்துக் குழப்புவார்கள். எது எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 2: கருவிகளும் சுத்தமாக இருக்கட்டும்

பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு இது. ஆய்வு நேர்மையாக இருக்கும், ஆனால் நிரலைப் பிரிக்கும் கருவி கிராக் செய்த பிரதியாக இருக்கும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 63பி பிரிவின்படி தனிக் குற்றம். குறைந்தது 7 நாள், அதிகம் 3 வருடம், அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. கல்லூரி லேப்பில் நாலு பேர் வைத்திருக்கிறார்கள் என்பது பதில் ஆகாது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2019-இல் வெளியிட்ட கீட்ரா, நிரலைப் பிரிக்கும் கருவி. இலவசம், திறந்த மூலம். தொடங்குபவருக்கு மட்டும் இல்லை, பல வருடம் செய்பவருக்கும் அது போதும்.

படி 3: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். கேட் பக்கம் வைத்திருந்த கேமராவும் ரௌட்டரும் பத்திரமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "நம்ம பொட்டிதானே கண்ணு, என்ன வேணா பண்ணிக்கோ" என்றார். அவள் விடவில்லை. எந்தப் பொருள், என்ன மாடல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன சோதனை, கண்டதை எழுதலாமா என்று ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னாள். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ரௌட்டர் அவருடையதே இல்லை. இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனம் வாடகைக்கு வைத்தது. அனுமதி கொடுக்க வேண்டியவர் வேறு ஆள். ரௌட்டரை விட்டுவிட்டுக் கேமராவை மட்டும் சோதித்தாள். அந்தத் தாளை எழுதாமல் இருந்திருந்தால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஒரு வம்பை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பாள்.

சொந்தப் பொருளைத் தாண்டி, இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர் சர்வரைத் தொடவே தொடாதீர்கள். அங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் வந்துவிடும். நான் மேலே சொன்ன பதிப்புரிமை விலக்கு எதுவும் அங்கே காப்பாற்றாது.

படி 4: நோட்டுப் போடுங்கள்

ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா. தேதி, நேரம், என்ன செய்தேன், ஏன் செய்தேன், என்ன கிடைத்தது. 65ஏ பிரிவு எண்ணத்தைப் பார்க்கிறது என்றேன் இல்லையா, உங்கள் எண்ணத்துக்கு அன்றன்று எழுதிய நோட்டை விடப் பெரிய சாட்சி கிடையாது. அதன் பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். பதிப்புரிமைப் புகாரில் போலீஸ் பொருட்களைக் கைப்பற்றலாம். லேப்டாப் போய்விட்டால் உங்கள் தரப்பைச் சொல்ல உங்களிடமே எதுவும் இல்லாமல் போய்விடக்கூடாது.

படி 5: யாரிடம் முதலில் சொல்வது?

நிறுவனத்தின் தளத்தில் ஓட்டைகளைத் தெரிவிக்க ஒரு கொள்கைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்லெண்ணத்தோடு செய்தால் வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதி அதில் இருக்கலாம். டி.எம்.சி.ஏ.வின்படியும் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்ற வரி தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு சேமித்துவையுங்கள், பின்னால் மாறலாம்.

அப்படிப் பக்கமே இல்லையென்றால் நேரடியாக எழுதாதீர்கள். நான் செய்த தப்பு அது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓட்டைகளைப் பற்றிய தகவலைப் பெற்று, நிறுவனத்தோடு பேசி, ஒருங்கிணைக்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் உலகம் முழுதும் பொதுவான சி.வி.இ. என்ற அடையாள எண்ணைக் கொடுக்கும் அதிகாரமும் 2021 முதல் அதற்கு உண்டு. அவர்கள் வழியாகப் போனால், நிறுவனம் எதிர்கொள்வது சேலத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரை இல்லை, ஒரு அரசு அமைப்பை. நோட்டீஸ் எழுதும் கை கொஞ்சம் யோசிக்கும்.

முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். "சன்மானம் உண்டா" என்று வெள்ளந்தியாகக் கேட்டதைக்கூடப் பணம் பறிக்கும் முயற்சி என்று திருப்பிவிடுவார்கள். காலக்கெடுவை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் கொடுக்கிறது, அமெரிக்காவின் செர்ட்/சி.சி. என்ற ஒருங்கிணைப்பு மையம் 45 நாள். புதியவர்கள் 90 வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேரைத் திருத்தி எல்லாப் பெட்டிக்கும் கொண்டுசேர்க்க உண்மையிலேயே நாளாகும்.

படி 6: பிடி கொடுக்காமல் எழுதுவது

இதில் நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையை உங்கள் சொந்தச் சொற்களில் விவரியுங்கள். நான் அந்த 12 வரிகளுக்குப் பதிலாக, "உள்நுழைவைச் சரிபார்க்கும் பகுதியில், பயனர் கொடுத்த கடவுச்சொல்லோடு ஒப்பிடும் முன், நிரலிலேயே பொதிந்த ஒரு சொல்லோடு ஒப்பிடுகிறது" என்று எழுதியிருந்தால் போதுமாக இருந்தது. தெரிந்தவர் அதைப் படித்ததும் புரிந்துகொள்வார். சரிபார்க்க நினைப்பவருக்கு ஃபர்ம்வேரின் பதிப்பு எண், கோப்பின் ஹாஷ் (அதே கோப்புதான் என்று காட்டும் கைரேகை மாதிரி எண்), நிரலுக்குள் ஓட்டை இருக்கும் இடத்தின் முகவரி ஆகிய மூன்றையும் கொடுங்கள். அவர் தன் பிரதியில் தானே பார்த்துக்கொள்ளட்டும். வரியைக் காட்டாமல் முடியவே முடியாது என்றால் ஒன்றோ இரண்டோ, அதைச் சுற்றி உங்கள் விளக்கம் பத்து மடங்கு. நியாயமான பயன்பாட்டு விலக்கு நிரலுக்கு இல்லாததால், ஒட்டும் வரி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஃபர்ம்வேர் கோப்பை உங்கள் தளத்தில் ஏற்றாதீர்கள், பிரித்த நிரலையும்தான். நிறுவனத்தின் கையேட்டிலிருந்து படத்தை வெட்டி ஒட்டாதீர்கள். அது தனிப் படைப்பு, தனி உரிமை. பெட்டியை நீங்களே போட்டோ எடுங்கள், சர்க்யூட்டை நீங்களே வரையுங்கள். பேச்சுக்கான ஸ்லைடிலும் இதே கவனம் வேண்டும். 2005-இல் மைக்கேல் லின், சிஸ்கோ ரௌட்டரின் ஓட்டையைப் பற்றி பிளாக் ஹாட் என்ற பாதுகாப்பு மாநாட்டில் பேசவிருந்தபோது, அச்சடித்த மாநாட்டுப் புத்தகத்திலிருந்து அவருடைய பக்கங்களைக் கிழித்தே எடுத்தார்கள். சிஸ்கோ போட்ட வழக்கில் பதிப்புரிமையும் ஒரு காரணம்.

விளக்கம் வேறு, கருவி வேறு. பூட்டு ஏன் பலவீனமானது என்று எழுதுவது விளக்கம். ஓட்டினால் பூட்டு திறக்கும் நிரல் கருவி. டி.வி.டி. பூட்டைத் திறக்கும் டி.சி.எஸ்.எஸ். நிரலை வெளியிட்ட 2600 என்ற அமெரிக்கப் பத்திரிகை 2000-இல் வழக்கில் தோற்றது. நிரலுக்கு இணைப்புக் கொடுப்பதைக்கூட நீதிமன்றம் தடுத்தது. உங்கள் ஓட்டை படைப்பைக் காக்கும் பூட்டில் இல்லாமல் சாதாரண உள்நுழைவில் இருந்தால் இந்தக் கவலை குறைவு. இருந்தாலும் முதல் கட்டுரையிலேயே தயார்க் கருவி வேண்டாம் என்பது என் கருத்து. இதில் மூத்தவர்கள் பலர் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள். கருவி இல்லாவிட்டால் நிறுவனம் ஓட்டையே இல்லை என்று சாதிக்கும் என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் நிறுவனமும் வக்கீலும் இருக்கிறார்கள், முதல் கட்டுரை எழுதும் உங்களுக்கு இல்லை.

படி 7: எங்கே வெளியிடுவது?

நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் மாதிரி அமெரிக்க மேடையில் போட்டால், டி.எம்.சி.ஏ. புகார் வந்ததும் அது கீழே இறக்கப்படலாம். நீங்கள் மறுப்பு அனுப்பலாம். புகார் செய்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் திரும்ப ஏற்றுவார்கள். ஆனால் அந்த மறுப்பில் உங்கள் பெயர், முகவரியோடு, அமெரிக்க நீதிமன்ற வரம்புக்குச் சம்மதிக்கிறேன் என்றும் எழுத வேண்டும். இதை வக்கீலிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில், யூடியூப் வீடியோக்களை இறக்கும் யூடியூப்-டி.எல். நிரலை இசைத்துறையின் புகாரின் பேரில் கிட்ஹப் இறக்கியது. 1201 பிரிவைத்தான் காட்டினார்கள். அடுத்த மாதமே ஆராய்ந்து பார்த்துத் திரும்ப ஏற்றியது, கூடவே நிரலாளர்களைக் காக்க 10 லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. எதிர்த்து நின்றால் மீளவும் வழி உண்டு.

நம் நாட்டில் எழுத்துப்பூர்வப் புகார் வந்தால் இடைநிலை நிறுவனம், அதாவது உங்கள் கட்டுரையைத் தாங்கும் தளம், 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். அந்த 21 நாளும் கட்டுரை முழுவதும் மறைந்துபோகாமல் இருக்க, ஒரே இடத்தை நம்பாதீர்கள். ஆய்வு மாநாட்டுக்கு அனுப்பி ஏற்கப்பட்டால் இன்னும் நல்லது.

படி 8: நோட்டீஸ் வந்தேவிட்டால்

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு இல்லை. ஒரு தரப்பின் கடிதம். எதையும் அழிக்காதீர்கள், நான் அழித்த மாதிரி. அழித்தால் உங்கள் சாட்சிதான் போகிறது. கோபத்தில் பதில் போடாதீர்கள், போனில் பேசாதீர்கள், நோட்டீஸைப் படம் எடுத்து அன்றே வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். எத்தனை நாளுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நோட்டையும் பில்லையும் அனுமதித் தாளையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

போகும்போது 60-ஆம் பிரிவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்கு என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போகலாம். நான் மீறவில்லை என்று அறிவிக்கவும், மிரட்டலை நிறுத்தவும், நஷ்ட ஈடு தரவும் கேட்கலாம். அவர்கள் உடனே உண்மையான வழக்குப் போட்டு நடத்தினால் இது செல்லாது. ஆனால் சும்மா பயமுறுத்த அனுப்பிய நோட்டீஸுக்கு, பதிலில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுவதே பல நேரம் வேறு பேச்சைத் தொடங்கிவைக்கும். சேலத்தில் பதிப்புரிமை வழக்கு நிறையப் பார்த்த வக்கீல்கள் குறைவு. நீங்களே பிரிவுகளை எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் உதவி.

பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. டெல்லியில் எஸ்.எஃப்.எல்.சி., இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் போன்ற டிஜிட்டல் உரிமை அமைப்புகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் எழுதிப் பாருங்கள்.

படி 9: பயன்படுத்துபவருக்குச் சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பட்டறைக்காரரோ ஜவ்வரிசி ஆலைக்காரரோ அதைப் படிக்கப்போவதில்லை. ஒரே பக்கத்தில், தமிழில் எழுதுங்கள். பெட்டியின் மாடல் எண் எங்கே அச்சாகியிருக்கும், ஃபர்ம்வேர் பதிப்பை மெனுவில் எங்கே பார்ப்பது, திருத்திய பதிப்பு வந்திருந்தால் எப்படி ஏற்றுவது, வரவில்லையென்றால் வெளியிலிருந்து பெட்டிக்குள் வர ரௌட்டரில் திறந்துவைத்திருக்கும் வழியை (போர்ட்) எப்படி மூடுவது. நிரலில் ஒரு வரியும் அந்தத் தாளில் தேவையில்லை. அதில் யாருடைய பதிப்புரிமையும் இல்லை.

என் மாமாவின் பெட்டிக்கு அந்தத் தாளை நான் எழுதியபோது தாமதமாகி வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குள் பாதிப் பேர் வேறு பெட்டி மாற்றியிருந்தார்கள். மீதிப் பேருக்கு நகல் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை பட்டறையாகப் போனேன். மாமாவும் கூட வந்தார். நாலாவது பட்டறையில் ஒரு பெரியவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, உள்ளே போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து, "இதை அப்பவே சொல்லியிருக்கக்கூடாதா தம்பி" என்று கேட்டார்.